விடமாட்டேன் என்ற கிளச்

குருமண்வெளித் துறையில் பாதை கரைதட்டி நின்றது. மட்டக்களப்பில் பாதை என்றால் வாவியைக் கடக்கும் தட்டைப் படகு. வெளியூர்க்காரர் முதல்முறை கேட்டால் தெருவைத் தேடுவார். மண்டூர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்களும் வயலுக்குப் போகிறவர்களும் மோட்டார் சைக்கிள்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வந்தது ஒரு பழைய ஹொண்டா சிடி 125 பென்லி. ஓட்டி வந்தவர் கல்லடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். முதலாம் கியரில் பலகைமேல் ஏறியதும் கிளச் பிடியை முழுதாக இறுக்கினார். வண்டி நிற்கவில்லை. பதறிப்போய்ப் பிறேக்கை மிதித்ததும் என்ஜின் இருமி அணைந்தது. அதற்குள் முன்சில்லு ஒரு மீன் வியாபாரியின் பெட்டியை முட்டிவிட்டது.

"சேர், கிளச் விடுதில்ல போல கிடக்கு. கழட்டித்தான் பாக்கணும்" என்றார் மீன்காரர். நோயைச் சரியாகச் சொன்ன அவர், மருந்தைத் தவறாகச் சொன்னார். ஆசிரியர் இரண்டையும் நம்பினார்.

கிளச்சுக்கு வருவது பெரும்பாலும் இரண்டு வியாதி. ஒன்று வழுக்கல்: என்ஜின் அலறும், வண்டி முன்னேறாது. மற்றது இதற்கு நேர் எதிர். பிடியை இறுக்கினாலும் கிளச் முழுதாக விடாது, வண்டியை இழுத்துக்கொண்டே இருக்கும். வழுக்கல் வந்தவர் உடனே கராஜுக்குப் போவார், ஏனென்றால் வீட்டுக்குப் போகமுடியாது. இழுவை வந்தவர் அதோடு குடும்பம் நடத்துவார். முதல் கியர் போடும்போது 'டங்' என்று ஒரு சத்தம், சந்தியில் நிற்கும்போது முன்னால் நகரும் சில்லு, எவ்வளவு மிதித்தாலும் விழாத நியூட்ரல். எல்லாவற்றுக்கும் 'பழைய வண்டிதானே' என்று ஒரே சமாதானம்.

பென்லியின் கிளச் ஒயிலில் நனைந்தபடி வேலை செய்யும் வகை. புட்டுக்குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி அடுக்கப்படுவதுபோல, ஒரு கூடைக்குள் உராய்வுத் தகடும் உருக்குத் தகடும் மாறிமாறி இருக்கின்றன. ஸ்பிரிங்குகள் அவற்றை ஒன்றாக நெரித்துப் பிடித்திருக்கின்றன. கைப்பிடியை இறுக்கும்போது வயர் இழுபட்டு, அழுத்தும் தட்டு விலகி, தகடுகள் தனித்தனியாகின்றன. அந்த மொத்த விலகலே ஓரிரு மில்லிமீற்றர்தான். அதையும் எல்லாத் தகடுகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். கைப்பிடிக்கும் கூடைக்கும் இடையில் எங்கேயாவது கொஞ்சம் வயர் இழுப்பு களவுபோனால், பங்குக்கு ஒன்றும் மிஞ்சாது.

இந்த வண்டி ஆசிரியருக்குத் தாய்மாமனிடமிருந்து வந்தது. வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போகிற ஊரில் மருமகனுக்கும் இப்படி ஏதாவது மிஞ்சும். ஜப்பானில் ஓடிக் களைத்து, ரீகண்டிஷன் என்ற பெயரில் இலங்கைக்கு வந்த எத்தனையோ ஹொண்டாக்களில் இதுவும் ஒன்று. விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமே என்று பிள்ளைகள் சொன்ன காலத்தில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. 2022இல் கியூஆர் அட்டையைக் காட்டி வாரம் நான்கு லீற்றர் பெற்றோல் வாங்கிய நாட்களில் பென்லியின் மதிப்பு வீட்டில் இன்னும் உயர்ந்தது. விற்கும் பேச்சு அதோடு நின்றது. ஆனால் அந்த மாதங்களில் பல நாள் அது விறாந்தையில் சும்மாவே நின்றது. நின்ற வண்டியின் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பது பழைய பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். காலையில் பிடியை இறுக்கிக்கொண்டு இரண்டு தரம் கிக்கரை உதைத்துத் தகடுகளைப் பிரித்த பிறகே அவர்கள் ஸ்டார்ட் செய்வார்கள். ஆசிரியர் அதையும் செய்து பார்த்தார். பலனில்லை.

சனிக்கிழமை காலை மாமரத்தின் கீழ் சாக்கு விரிக்கப்பட்டது. ஒயில் ஒரு பேசினுக்குள் வடிந்தது, கிக்கர் கழன்றது, வலப்பக்க மூடி மனமில்லாமல் வெளியே வந்தது. வரும்போது கடதாசி கஸ்கற்றைப் பாதியாகக் கிழித்துக்கொண்டு வந்தது. உருக்குத் தகடுகளைக் கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக வைத்து, வளைந்திருக்கிறதா என்று பீலர் கேஜைச் செருகிப் பார்த்தார், எல்லாம் சமதளம். உராய்வுத் தகடுகளில் தடிப்பு மிச்சமிருந்தது. கூடையின் விரல்களைத் தடவினார். பழைய கிளச்சில் உண்மையான குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்: தகட்டின் பற்கள் வருடக்கணக்கில் இடித்து இடித்து விரல்களில் பள்ளம் விழுத்திவிடும், விலகவேண்டிய தகடு அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். இங்கே பள்ளம் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுதான். அதையும் மெல்லிய அரத்தால் ராவி மட்டமாக்கினார். தகடுகளுக்கு ஒயில் பூசி அடுக்கி, ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். கிழிந்த கஸ்கற்றைப் பசையால் ஒட்டி மூடியைப் பூட்டினார். குறைசொல்ல முடியாத வேலை.

மாலையில் ஸ்டார்ட் செய்து முதலாம் கியர் போட்டார். 'டங்'. வண்டி மாமரத்தை நோக்கி நகர்ந்தது.

"மறுகா என்னத்துக்குக் கழட்டினீங்க?" என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி.

மறுநாள் வந்தவர் ஆசிரியரிடம் கணக்குப் படித்தவர், இப்போது கராஜ் வைத்திருப்பவர். ஸ்பனரைத் தொடவில்லை. ஹாண்டிலை இடப்பக்கம் முழுதாகத் திருப்பிக் கிளச் பிடியை இறுக்கினார், வலப்பக்கம் திருப்பி மறுபடி இறுக்கினார். இரண்டு பக்கமும் இரண்டு விதமாக இருந்தது. ஹெட்லைற்றின் பின்னால் வயர் வளையும் இடத்தில் விரலை வைத்து, "சேர், இஞ்ச பிடிச்சுப் பாருங்க" என்றார். வெளியுறையின் பிளாஸ்ரிக் தோல் வெடித்து, உள்ளேயிருந்த கம்பிச்சுருள் கறள்பிடித்து நெகிழ்ந்திருந்தது. பிடியை இறுக்கும்போது உள்வயர் இழுபடுவதற்குப் பதிலாக உறை சுருங்கிக்கொடுத்தது. களவுபோன வயர் இழுப்பு அங்கேதான் போயிருந்தது. கல்லடி, ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக உள்ள ஊர். ஜன்னல் கம்பியை அரிக்கும் உப்புக்காற்றுக்கு வெடித்துப்போன ஒரு வயர் உறை எந்த மூலை?

புது வயர் பூட்ட இருபது நிமிடமும் ஆகவில்லை. பூட்டுமுன் அதை மாங்கிளையில் தொங்கவிட்டு, மேல்நுனியில் ஷொப்பிங் பையைப் புனல்போலக் கட்டி, கீழே சொட்டும்வரை மெல்லிய ஒயில் விட்டார்கள். ஹாண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நெரியாதபடி வழிவிட்டார்கள். கைப்பிடியின் நுனி பத்திலிருந்து இருபது மில்லிமீற்றர்வரை சும்மா அசையும்படி செற் பண்ணினார்கள். அந்தச் சும்மா அசைவு அதிகமானால் இழுவை, அறவே இல்லாவிட்டால் வழுக்கல். நியூட்ரல் கால்விரல் பட்டதும் விழுந்தது.

பக்கத்து வீட்டு ஹொண்டா எம்டி 90காரர் வேலிக்கு அப்பால் நின்று, "என்ர வண்டிக்குக் கிளச்சே இல்ல, கரைச்சலும் இல்ல" என்றார். பாதி உண்மை. ஜப்பானியத் தபாற்காரருக்காகச் செய்யப்பட்ட அந்த வண்டி, 1958இல் வந்த சுப்பர் கப்பின் வழியில் வந்தது. சோபா நூடில்ஸ் கொண்டுபோகும் கடைப்பையன் ஒரு கையால் ஓட்டவேண்டும் என்றுதான் ஹொண்டா அதில் கைப்பிடியை எடுத்துவிட்டது என்பார்கள். எடுத்தது பிடியை மட்டுமே. கிளச் உள்ளேதான் இருக்கிறது, கியர் மிதிக்கும் காலே அதை விடுவிக்கிறது. அதுவும் இழுக்கும். வலப்பக்க மூடியில் அதற்கென்று ஒரு ஸ்குரூவும் பூட்டுநட்டும் உண்டு. எட்டில் ஒரு சுற்றிலேயே குணம் மாறிவிடும். அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை.

கிளச் விடாத வண்டி வைத்திருப்பவர்கள் கைப்பிடியிலிருந்து தொடங்கி, வயர் வழியாக, ஒயில் வழியாக வாருங்கள். மிகத் தடித்த ஒயில் குளிரில் தகடுகளை ஒட்டிப் பிடிக்கும். போத்தலில் ஜாஸோ எம்ஏ என்ற குறியுள்ள ஒயில் இந்த நனைந்த கிளச்சுகளுக்கென்றே தரம் வகுக்கப்பட்டது. மூடியைக் கழற்றுவது கடைசி. பாதையில் ஏறும்போது என்ஜினை நிறுத்திவிட்டுத் தள்ளி ஏற்றுங்கள்.

ஆசிரியரின் பென்லி இப்போது சந்திகளில் அடக்கமாக நிற்கிறது. கிழிந்து ஒட்டிய கஸ்கற்றிலிருந்து மட்டும் ஒயில் சொட்டுகிறது. விறாந்தையில் அதற்கு நேர்கீழே ஒரு பழைய பால்மா ரின் வைத்திருக்கிறார்கள்.