பென்சிலால் எழுதிய பக்கங்கள்



சென்ற ஆண்டு என்னைப் பெண் பார்க்க வந்திருந்த ஒரு மாமி, வட்டிலப்பத்தை ருசித்துக்கொண்டே, "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் என்னம்மா செய்வாய்?" என்று கேட்டார்கள். தையல், மருதாணி, சமையல் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவற்றையும் செய்பவள்தான் நான். ஆனால் வாயில் வந்த உண்மையைச் சொல்லிவிட்டேன். "அரபுத் தமிழ் படிக்கிறேன் மாமி." அவர்கள் சற்று யோசித்துவிட்டு, "அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்றார்கள். உம்மா அவசரமாக இன்னொரு கிண்ணம் வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தச் சம்பந்தம் கூடி வரவில்லை. அதற்குக் காரணம் அரபுத் தமிழ் அல்ல என்று உம்மா இன்றும் சொல்கிறார்கள். எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

மாமிக்கு அன்று சொல்ல இயலாததைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். இங்கே வீடு பெண் மக்களுக்கு உரியது. திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே நான் வாழும் இந்த வீட்டில்தான் என் உம்மாவும், உம்மாவின் உம்மாவும், அவர்களின் உம்மாவும் பிறந்து வளர்ந்தார்கள். என் நாள் ஃபஜ்ருக்குப் பின் முற்றம் கூட்டுவதில் தொடங்கும். காலையில் இரண்டு மணி நேரம் தையல் எந்திரம். லுஹருக்கு முன் முடுக்கு வழியாகச் சாச்சி வீட்டுக்கு ஒரு நடை. வீடுகளுக்குப் பின்னால் ஓடும் இந்த முடுக்குகள் எங்கள் ஊர்ப் பெண்களின் தெருக்கள். எந்த வீட்டில் மீன் ஆணம் கொதிக்கிறது, எந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் நடந்தபடியே தெரிந்துவிடும். அஸருக்குப் பின் அண்டை வீட்டுச் சிறுமியர் ஒன்பது பேர் ஓத வருவார்கள். மக்ரிபுக்குப் பின் உம்மம்மாவின் கட்டிலருகே நான் உட்காரும் நேரம்.

பருவங்கள் இந்த நாளுக்குள் வந்து போகும். தை மாதம் பனங்கிழங்கு. அவித்த கிழங்கை நடுவே பிளந்து, உள்ளே இருக்கும் குருத்தைத் தனியே எடுத்துத் தின்பதில் என் தங்கைக்கும் எனக்கும் இன்றுவரை சண்டை. மாசி, பங்குனியில் பதநீர் தொடங்கும். சித்திரை, வைகாசியில் நுங்கு. ஆனியும் ஆடியும் காற்று. குற்றாலத்தில் சாரல் என்பார்கள், எங்களுக்கு வந்து சேர்வது மணலும் உப்பும் கலந்த காற்றுதான். காயப்போட்ட துணியை மூன்றாம் வீட்டு மாடியில் போய்த் தேட வேண்டும். ஐப்பசியில் மழை பிறந்ததும் மஞ்சள் வாடாவுக்கு மாவு பிசைவார்கள்.

இந்தப் பருவங்களுக்குக் குறுக்காக நம்முடைய மாதங்கள் நடக்கின்றன. பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னதாக நகர்வதால், நான் சிறுமியாக முதல் நோன்புகளை நோற்றபோது ரமழான் ஆனிக் காற்றில் வந்தது. இப்போது பதநீர்க் காலத்துக்கு வந்துவிட்டது. சுமார் முப்பத்து மூன்று ஆண்டுகளில் அது ஒரு முழுச் சுற்றை முடித்துப் புறப்பட்ட பருவத்துக்கே திரும்பும். ரஜபில் ஊரே கேட்கும் புகாரி ஷரீஃப் ஓதுதலும் அப்படித்தான்; அந்த முப்பது நாட்களை மழையிலும் கேட்டிருக்கிறோம், வெயிலிலும் கேட்டிருக்கிறோம்.

2023 டிசம்பர் 17ஆம் தேதி மழை தொடங்கியது. மறுநாள் காலை வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் எங்கள் ஊரில் மட்டும் 95 சென்டிமீட்டர் பதிவானதாகப் பின்னர் அறிந்தோம். அன்றிரவு எங்களுக்குத் தெரிந்தது வேறு கணக்கு: வாசற்படி, முதற்படி, கட்டிலின் கால், என் முழங்கால். உம்மம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். அரிசியையும் குர்ஆன் பிரதிகளையும் உயரே ஏற்றினோம். தையல் எந்திரத்தையும் நானும் தங்கையும் எப்படியோ தூக்கிவிட்டோம். உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் இருந்த மரப்பெட்டி யார் நினைவுக்கும் வரவில்லை.

தண்ணீர் வடிந்த பின்னர்தான் அதைத் திறந்தோம். உள்ளே அச்சுப் புத்தகங்கள் நான்கும், நூலால் தைத்த கையெழுத்து நோட்டு ஒன்றும் ஊறிப்போய்க் கிடந்தன. எல்லாமே அரபுத் தமிழ். அச்சுப் புத்தகங்களில் ஒன்று கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் எழுதிய 'மகானீ'. 1898இல் மறைந்த அந்தப் பெரியார் மார்க்கச் சட்டங்களைப் பாமரரும் பெண்களும் அறியும்படி அரபு எழுத்தில் தமிழாக எழுதியவர்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த எந்தப் பெண்ணும், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும், சிறிது பழகினால் அதைப் படித்துவிடலாம். நம் முன்னோரில் பள்ளிக்கூட வாசலைக் கண்டிராத பெண்கள் எழுதவும் படிக்கவும் செய்தார்கள் என்றால் அது இந்த எழுத்தால்தான்.

மாமா வந்து பார்த்தார்கள். "அரபு எழுத்து. குப்பையில் போடக் கூடாது. காலடி படாத இடமாகப் பார்த்துப் புதைத்துவிடுவோம்" என்றார்கள். ஊறிச் சிதைந்த வேத எழுத்துக்கு அதுதான் மரியாதை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மாடியிலிருந்து உம்மம்மாவின் குரல் கேட்டது. "அந்த நோட்டில் ஆயத்து ஒன்றும் இல்லை. பால் கணக்குத்தான் இருக்கிறது. அதைப் புதைக்க வேண்டாம்."

வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். இத்தனை ஆண்டுகளாக ஒளூ இல்லாமல் தொடக் கூடாது என்று நாங்கள் பயபக்தியோடு ஒதுக்கி வைத்திருந்தது பால் கணக்கு!

ஊருக்கு மின்சாரம் இல்லை, விசிறி இல்லை. வெயில் பட்டால் ஈரத்தாள் சுருண்டு நொறுங்கிவிடும் என்று தோழி ஒருத்தி சொன்னாள். உம்மாவின் பழைய வெள்ளைத் துப்பட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, இலைக்கு இலை இடையில் வைத்து, நிழலில் காயவைத்தேன். துண்டுகளை ஒரு நாளைக்கு ஐந்து முறை மாற்றினேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் என்று வைத்துக்கொண்டதால் மறக்கவில்லை. மை தொட்டு எழுதிய பக்கங்கள் நீல மேகமாகக் கலைந்திருந்தன. பென்சிலால் எழுதியவை அப்படியே நின்றன. பென்சில் கரி தண்ணீரில் கரையாது என்பதை அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.

என் பொழுதுபோக்கு இப்படித்தான் தொடங்கியது. குர்ஆன் ஓதத் தெரிந்த எனக்கு எழுத்துகள் பழக்கமானவை. ஆயினும் ப, ட, ண, ள, ழ போன்ற ஒலிகள் அரபியில் இல்லை. இருக்கும் எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்திருக்கிறார்கள். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் தனிக் குறிகள் உண்டு. அவற்றை உம்மம்மா என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினார்கள். அவர்களுக்கு இப்போது கண் பார்வை மங்கல். எழுத்து தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். நான் வாசிப்பேன், அவர்கள் கேட்பார்கள். தண்ணீர் முதலில் அழிப்பது புள்ளிகளையும் ஸபர், ஸேர், பேஷ் குறிகளையும்தான். அவை போய்விட்டால் 'நெய்' என்பதும் 'தை' என்பதும் ஒரே வடிவம். 'நாள்' என்பதும் 'தாள்' என்பதும் ஒன்றே. ஒரு மாலை முழுவதும் நான், "தை இரண்டு சேர்… தை இரண்டு சேர்" என்று தடுமாற, உம்மம்மா, "மாதத்தை யாரம்மா சேர்க் கணக்கில் வாங்குவார்கள்?" என்று கேட்டுச் சிரித்ததில் அவர்களுக்கு இருமலே வந்துவிட்டது.

நோட்டின் முதல் தேதி ஹிஜ்ரி 1378, ரமழான் பிறை 3. உம்மம்மாவுக்கு அப்போது பதினேழு வயது, திருமணமாகி ஓராண்டு. என் பாட்டனார் கொழும்பில் கடை வைத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவார்கள். அவர்கள் வரும்போது காட்ட வேண்டும் என்பதற்காக எழுதிய கணக்கு இது. 'அந்திப் பதநீர் ஒரு செம்பு. கஞ்சிக்கு அரிசி அரைப்படி. கருப்பட்டி.' இதை நான் முதன்முறையாகத் தட்டுத் தடுமாறாமல் வாசித்தது 2024 மார்ச் மாதம். எங்களுக்கும் அப்போது ரமழான்தான். நோன்பு திறக்க வாங்கி வைத்த அந்திப் பதநீர் எங்கள் அருகிலேயே இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1378இன் ரமழான் 1959 மார்ச்சில் வந்திருக்கிறது. பிறை சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி அதே பதநீருக்குத் திரும்பியிருக்கிறது. உம்மம்மாவிடம் சொன்னேன். "அப்படியா? அன்றைக்குப் பதநீர் இன்னும் இனிப்பாக இருந்தது" என்று மட்டும் சொன்னார்கள்.

அதன் பின்னர் ஒவ்வொரு மாலையும் இரண்டு பக்கம். கணக்கின் இடையிடையே வேறு பலவும் இருந்தன. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயத்தின் சேர்மானம், யார் வீட்டுக் களரிக்கு எத்தனை சஹன் இரவல் போனது, அவற்றில் எது திரும்பி வரவில்லை. அந்தத் திரும்பாத சஹனைப் பற்றி இன்றும் உம்மம்மாவுக்கு வருத்தம் உண்டு. வாங்கிய வீட்டின் பெயரை எழுதினால் ஊரில் கலகம் வரும், விட்டுவிடுகிறேன்.

ஒரு நாள் ஹிஜ்ரி 1380, ஸஃபர் மாதப் பக்கத்தை எடுத்தேன். அது பென்சிலால் எழுதப்பட்டது. ஓர் எழுத்துகூட அழியவில்லை. 'பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்து எட்டணா.' மறுநாளும் மருந்து. அதற்கடுத்த நாள் வண்டிக்கூலி, மருந்து. நான் வேகமாக வாசித்துக்கொண்டு போனேன். சரளம் வந்துவிட்ட பெருமை வேறு. அடுத்த வரி, 'மல் துணி இரண்டு கஜம்.' அதன் பின் ஒன்பது நாள் எதுவும் எழுதப்படவில்லை.

என் உம்மாதான் தலைப்பிள்ளை என்றே நாங்கள் எல்லோரும் அறிந்திருந்தோம். உம்மாவும் அப்படித்தான் அறிந்திருந்தார்கள். உம்மா பிறந்தது அதற்கும் எட்டு ஆண்டுகள் கழித்து.

நான் நிறுத்திவிட்டேன். உம்மம்மாவின் கை தஸ்பீஹில் அசையாமல் இருந்தது. வெகு நேரம் கழித்து, "ஆடிக் காற்று. ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் மணல் வரும். பிள்ளையின் கண்ணில் விழாமல் கையால் மறைத்துக்கொண்டே இருந்தேன்" என்றார்கள். பெண் பிள்ளை. பதினொரு மாதம். பாட்டனார் கொழும்பிலிருந்து வந்து முகம் பார்க்கவே இல்லை. அவர்கள் ஊர் வந்தபோது நோட்டை வாங்கி இந்தப் பக்கம் வரை வாசித்தார்களாம். பிறகு மூடித் திருப்பிக் கொடுத்தார்களாம். அதைப் பற்றி அவர்கள் இருவரும் அதற்கு மேல் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

பிள்ளையின் பெயரையும் சொன்னார்கள். அதை இங்கே நான் எழுதவில்லை. உம்மாவுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். உம்மா அன்றிரவு தஹஜ்ஜுதுக்கு எழுந்து வெகு நேரம் முஸல்லாவிலேயே இருந்தார்கள். மறுநாள் காலையில், ஒன்றும் நடவாதது போல, உம்மம்மாவுக்குத் தலை வாரிவிட்டார்கள். வழக்கமாக நான் செய்யும் வேலை அது.

வாசிக்காமலே விட்டிருக்கலாமோ என்று பல நாட்கள் என் மனம் உறுத்தியது. அறுபத்து நான்கு ஆண்டுகள் ஒரு பெண் தன்னோடு வைத்திருந்ததை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆர்வத்தில் நான் உரக்கப் படித்துவிட்டேன். உம்மம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான்தானே உன்னைப் படிக்கச் சொன்னேன்?" என்றார்கள். அந்தப் பக்கம் வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்தேதான் புதைக்க வேண்டாம் என்றார்களா? கேட்க எனக்குத் துணிவில்லை.

நான்கு அச்சுப் புத்தகங்களில் இரண்டு மீளவில்லை. அவற்றை மாமா சொன்னபடியே துணியில் சுற்றி, தோட்டத்து மூலையில் ஆழமாகப் புதைத்தோம். நோட்டு இப்போது மாடியில், தகரப்பெட்டியில் இருக்கிறது. மையில் கரைந்த பதினான்கு பக்கங்களை உம்மம்மாவின் நினைவைக் கொண்டு மீட்க முயல்கிறோம், ஆறு முடிந்திருக்கின்றன. ஓத வரும் சிறுமியரில் மூவருக்கு வெள்ளிக்கிழமைகளில் அரபுத் தமிழும் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருத்தி தன் தங்கையைப் பற்றிப் புகார்கள் எழுத மட்டும் அதைப் பயன்படுத்துகிறாள். தங்கைக்கு இன்னும் படிக்கத் தெரியாது என்பதால்.

சென்ற ரமழானில் நானும் ஒரு நோட்டுத் தொடங்கினேன். வாங்கியது, தைத்தது, யார் வந்தார்கள், எந்த வாரம் நுங்கு வந்தது என்று தினமும் இரண்டு மூன்று வரி. பென்சிலால்தான் எழுதுகிறேன். எழுதியதை மக்ரிபுக்குப் பின் உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அது கட்டளை. நேற்று வாசித்தபோது இடையில் நிறுத்தி, "பனங்கிழங்கு எத்தனை என்று எழுதவில்லையே?" என்றார்கள். இருபத்தைந்து என்றேன். எழுதிவிட்டு மேலே வாசிக்கச் சொன்னார்கள்.