பாதி வழியில் நின்ற பாட்டு... மேலூர் டிரைவரின் காரில் ஆம்ப் கொதித்தது ஏன்?

மே மாதம், மதியம் ஒன்றரை மணி. மாட்டுத்தாவணியில் சவாரியை இறக்கிவிட்டு மேலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் அந்த டிரைவர். ஒத்தக்கடை யானைமலையைத் தாண்டி, சிட்டம்பட்டி டோல்கேட் கண்ணில் படும் நேரம். காரில் அதிர்ந்துகொண்டிருந்த பாட்டு, கத்தியால் வெட்டியதுபோல நின்றது. ஸ்டீரியோவில் வெளிச்சம் இருக்கிறது. பாட்டின் பெயர் ஓடுகிறது. சத்தம் மட்டும் இல்லை.

வண்டியை ஓரங்கட்டி டிக்கியைத் திறந்தார். ஆம்ப்ளிஃபயரில் எப்போதும் எரியும் பச்சை விளக்குக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு. தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். தோசைக்கல் மாதிரி கொதித்தது.

இருபது நிமிடம் கழித்துப் பாட்டு தானாக வந்துவிட்டது. "சரியாப்போச்சு" என்று கிளம்பிவிட்டார். ஆனால், அது சரியாகவில்லை. அடுத்த பத்து நாளில் ஆறு முறை அதேபோல நின்றது.

அவருக்கு வயது 34. சொந்த டாக்ஸி, மாதத் தவணை, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள். போன தீபாவளிக்குத்தான் பழைய ஆம்ப் ஒன்றையும் சப்வூஃபர் ஒன்றையும் வாங்கி மாட்டினார். 'பாட்டு நல்லா இருந்தா சவாரி மறுபடி கூப்பிடும்' என்பது அவர் கணக்கு. அதில் தப்பும் இல்லை. தனியார் பஸ்ஸில் நல்ல பாட்டு ஓடுகிறதா என்று பார்த்து ஏறும் ஊர்க்காரர்கள் நாம். பொங்கலுக்கு நண்பர் ஒருவர் தன் பழைய சப்வூஃபரைக் கொடுக்க, அதையும் சேர்த்து இணைத்துக்கொண்டார். ஒன்றுக்கு இரண்டாக அதிர்ந்தது வண்டி.

மகள் மட்டும் பின் சீட்டில் காதைப் பொத்திக்கொண்டு வருவாள். "அப்பா, சத்தம் வயித்துக்குள்ள குதிக்குதுப்பா" என்பாள். அவர் சிரித்துவிட்டு ஓட்டுவார்.

ஒருநாள் குடும்பத்தோடு அழகர்கோவில் போய்விட்டுத் திரும்பும்போது மனைவிதான் முதலில் சொன்னார். "ஏங்க, ஏதோ கருகுற வாடை வருது." அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம். ஆம்புக்குப் போகும் 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு முறை போனபோது, மூன்றாவது முறை புது ஃபியூஸ் வாங்காமல், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டிருந்தார்.

"ஃபியூஸ் போறது குத்தம் இல்ல தம்பி"

மறுநாள் காலை மேலூரில் ஒரு பழைய எலெக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டார். அறுபதைத் தாண்டியவர். இளவயதில் கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ரேடியோ செட் கட்டப் போனவர். குழாய் ஸ்பீக்கரை வேப்ப மரத்தில் கட்டிவிட்டு, ஆம்ப் பெட்டியை மட்டும் நிழல் பார்த்து வைத்துப் பழகியவர்.

அவர் முதலில் ஆம்பைத் தொடவில்லை. ஃபியூஸைத்தான் கழற்றினார். வெள்ளித்தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஃபியூஸ் போறது குத்தம் இல்ல தம்பி. அது ஒரு சேதி. வயர் எரியுறதுக்குப் பதிலா தான் எரிஞ்சு காட்டுது. நீங்க சேதி கொண்டுவந்த ஆளோட வாயைப் பொத்திட்டீங்க. அந்த வயர் உங்க பொண்ணு உட்கார்ற சீட்டுக்கு அடியிலதான் போகுது."

டிரைவர் ஒன்றும் பேசவில்லை.

பேட்டரியிலிருந்து கிளம்பும் வயர் எங்கேயாவது தகரத்தில் உரசினால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். அதைத் தடுப்பது ஃபியூஸ் மட்டும்தான். அதனால்தான் மெயின் ஃபியூஸைப் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள், அதாவது சுமார் 45 செ.மீ.க்குள் வைக்க வேண்டும் என்பார்கள். ஆம்புக்குப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் இருந்தால், அதற்கு முன்னால் இருக்கிற நாலைந்து மீட்டர் வயருக்குக் காவல் இல்லை. இந்த வண்டியில் பேட்டரி பக்கம் ஃபியூஸே இல்லை.

92 வாட் எங்கே போனது?

அடுத்து மீட்டரை எடுத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.1 வோல்ட். பாட்டைச் சத்தமாக வைத்து, ஆம்பின் முனையில் வைத்துப் பார்த்தால் 11.8 வோல்ட். நடுவில் 2.3 வோல்ட் காணவில்லை. கிளாம்ப் மீட்டரில் ஓடும் மின்சாரம் 40 ஆம்பியர்.

"ரெண்டையும் பெருக்குங்க தம்பி."

"92 அண்ணே."

"92 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்டு. அந்த மாதிரி மூணு நாலு அயர்னை மேட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சு ஓட்டிக்கிட்டு இருக்கீங்க."

கருகல் வாடைக்குக் காரணம் அதுதான். வயரைச் சுரண்டிப் பார்த்தார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயர். அதே கனத்தில் இருக்கும் சுத்தமான செம்பு வயரைவிட இதற்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மின்தடை அதிகம். அதுவும் கனம் குறைந்தது. வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 4 சதுர மி.மீ. அளவு.

மீதி இழப்பு எர்த்தில் இருந்தது. எர்த் வயரை டிக்கியின் பெயின்ட் மேலேயே ஸ்க்ரூ வைத்து முறுக்கியிருந்தார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்க்ரூவின் மரை மட்டும் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வோல்டேஜ் குறைந்தால் ஆம்புக்கு என்ன கஷ்டம்? வேலை அதேதான், கூலி மட்டும் குறைவு. அதே சத்தத்தைக் கொடுக்க அது இன்னும் அதிக மின்சாரத்தை இழுக்கப் பார்க்கும். அதிக மின்சாரம் என்றால் அதிகச் சூடு. வயரும் சூடாகும், ஆம்பும் சூடாகும்.

இரண்டு ஸ்பீக்கர், பாதித் தடை

மூன்றாவது தப்பு, நண்பர் கொடுத்த அந்த இரண்டாவது சப்வூஃபர். ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டையும் பக்க இணைப்பாகக் கொடுத்தால் மொத்தம் 2 ஓம். அந்த ஆம்பின் இரண்டு சேனலையும் ஒன்றாக்கி ஓட்டும்போது 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று அதன் முதுகிலேயே அச்சிட்டிருந்தது. யாரும் படிக்கவில்லை. ஓம் குறையக் குறைய மின்சாரம் கூடும். ஒரு மாடு இழுக்கிற வண்டியில் இரண்டு வண்டிப் பாரம் ஏற்றிய கதை. ஃபியூஸ் அடிக்கடி போனதும் இதனால்தான்.

இரண்டையும் தொடர் இணைப்பில் கொடுத்தால் 8 ஓம் ஆகும். ஆம்புக்கு ஆபத்தில்லை, சத்தம் குறையும். "எது செய்யலாம் அண்ணே?" என்று கேட்டார் டிரைவர். "டாக்ஸி ஓட்டுறீங்க. டிக்கி சூட்கேஸ் வைக்கவா, ஸ்பீக்கர் வைக்கவா?" என்று திருப்பிக் கேட்டார் பெரியவர்.

அந்தக் கேள்வியில் நான்காவது தப்பும் வெளியே வந்தது. டிக்கியின் தரையில் ஆம்ப், அதன் மேல் மேட், மேட்டின் மேல் ஒரு பழைய போர்வை, அதற்கும் மேல் சவாரிகளின் பெட்டிகள். ஆம்பின் முதுகில் இருக்கும் அலுமினிய வரிகள் அழகுக்காக வைத்ததில்லை. உள்ளே உண்டாகும் சூட்டைக் காற்றுக்குக் கொடுப்பதற்காக வைத்தவை. பழைய 'ஏபி' வகை ஆம்ப்கள் இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் பாட்டாக மாற்றும். மீதி வெறும் சூடு. 'டி' வகை ஆம்ப்கள் 80 சதவிகிதத்துக்கு மேல் பாட்டாக மாற்றிவிடும். இவருடையது 'ஏபி' வகை. மே மாத மதுரை வெயிலில் நிறுத்திவைத்த கார் ஒரு மணி நேரத்தில் உள்ளே 50 டிகிரியை நெருங்கிவிடும். அந்தச் சூட்டில் போர்வையும் போர்த்தினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட், 'போதும்' என்று தானே அணைத்துவிடும். சிட்டம்பட்டியில் நடந்தது அதுதான். தினமும் அப்படிச் சுட்டால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள் குறையும். ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுள் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸில் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

கெயின் என்பது வால்யூம் அல்ல

ஒரு சப்வூஃபரைக் கழற்றினார்கள். அதை விற்ற காசு, 16 சதுர மி.மீ. சுத்தச் செம்பு வயருக்குச் சரியாகப் போனது. பேட்டரிப் பக்கத்தில் மெயின் ஃபியூஸ் வந்தது. எர்த் முனையில் பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் பளபளத்த பிறகு முறுக்கினார்கள். ஆம்ப், பின் சீட்டின் முதுகில் ஒரு பலகையில், வரிகள் செங்குத்தாக நிற்கும்படி ஏறியது. பெட்டிகள் இடிக்காமல் இருக்க முன்னால் ஒரு கம்பித் தடுப்பு. நாலு பக்கமும் நாலு விரற்கடை காற்று.

பிறகுதான் டியூனிங். ஆம்பில் 'கெயின்' திருகு கடைசி வரை முறுக்கியிருந்தது. 'பாஸ் பூஸ்ட்' 12 டெசிபலில் இருந்தது. 3 டெசிபல் கூட்டினால் ஆம்ப் இரண்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். 12 டெசிபல் என்றால் 16 மடங்கு. அவ்வளவு சக்தி அதனிடம் இல்லை. இல்லாததைக் கேட்டால், ஒலி அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்படும். காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கும். ஸ்பீக்கர் காயிலுக்கு அது வெறும் சூடு.

பெரியவர் பாஸ் பூஸ்ட்டைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்டீரியோவில் பாஸ், டிரெபிள் எல்லாம் நடுவில். சப்வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, வால்யூமை நாலில் மூன்று பங்கு வைத்தார்.

"ஆம்ப் 4 ஓம்ல 225 வாட். 225-ஐ நாலால பெருக்கினா 900. அதுக்கு வர்க்கமூலம் 30. மீட்டரை ஏ.சி. வோல்ட்ல வெச்சுப் பாருங்க. 30 வர்ற வரைக்கும் கெயினைத் திருப்பணும். அதுக்கு மேல ஒரு நூல்கூட வேணாம்."

கெயின் திருகு பாதியைக்கூடத் தொடவில்லை. 30 வந்துவிட்டது. அடுத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் ஒலி சப்வூஃபருக்கு, மேலே இருப்பது கதவு ஸ்பீக்கர்களுக்கு என்று பிரித்துவிட்டார். கதவு ஸ்பீக்கர்களுக்குப் பெரிய பாஸைச் சுமக்கும் வேலை போனது. பாடுகிறவரின் குரல் முன்னால் வந்து நின்றது.

கார் மட்டுமா சுட்டது?

எல்லாம் முடிந்ததும் டிரைவர் ஒரு காரியம் செய்தார். வேலையைத் தொடங்குவதற்கு முன், பின் சீட்டில் போனை வைத்து ஓர் ஆப் மூலம் சத்தத்தை அளந்திருந்தார். வழக்கமாக அவர் வைக்கும் சத்தத்தில் அது காட்டியது 97 டெசிபல். போன் ஆப் துல்லியமானதில்லை என்றாலும் ஒரு குறிப்புக்குப் போதும்.

தொழிற்சாலைகளில் காதைக் காக்க அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் கணக்கு இது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 97-க்கு அரை மணி. மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி போகும் நேரம் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது, பெரியவர்களின் காது ஒரு நாள் முழுக்கத் தாங்கக்கூடியதை, எட்டு வயதுப் பிள்ளையின் காது ஒரே பயணத்தில் வாங்கிக்கொண்டிருந்தது. காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆம்புக்காவது சிவப்பு விளக்கு இருக்கிறது. பிள்ளைக்கு இருந்தது இரண்டு கைகள் மட்டும். அவற்றைக் காதில் வைத்துக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

பெரியவரிடம் காசு கொடுக்கும்போது அவர் கேட்டார், "அண்ணே, இனிமே சூடாகாதா?"

"ஆகும். கை வெச்சுப் பாருங்க. அஞ்சு எண்ணுற வரைக்கும் கை பொறுத்தா கவலை இல்ல. பொறுக்கலைன்னா பாட்டை நிறுத்திட்டுக் காரணத்தைத் தேடுங்க. வெள்ளித்தாளைத் தேடாதீங்க."

உங்கள் காரிலும் ஆம்ப் இருந்தால்...

* ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான். பெரிதும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். இரண்டாவது முறை போனால் வயரையும் ஸ்பீக்கர் இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.
* ஆம்பின் மேல் துணி, மேட், பெட்டி எதுவும் கூடாது. சப்வூஃபர் பெட்டியின் மேலேயே ஆம்பைப் பொருத்த வேண்டாம். அதிர்வில் உள்ளே இணைப்புகள் விடும்.
* வெயிலில் நின்ற காரில் ஏறியதும் சத்தத்தைக் கூட்டாதீர்கள். கண்ணாடியை இறக்கி, ஏ.சி. போட்டு, உள்ளே சூடு தணிந்த பிறகு கூட்டுங்கள்.
* இன்ஜினை அணைத்துவிட்டு நெடுநேரம் பாட்டுக் கேட்க வேண்டாம். வோல்டேஜ் இறங்கும், பேட்டரியும் தீரும்.
* வயர் வாங்கும்போது முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறம் இருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அழகர்கோவில். திரும்பும்போது மணி ஒன்று, அதே வெயில். பாட்டு நிற்கவில்லை. பின் சீட்டில் மகள் ஜன்னல் பக்கம் சாய்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தபடி வந்தாள். ஊர் நெருங்கும்போது முன்பக்கம் எட்டிச் சொன்னாள்.

"அப்பா, இந்தப் பாட்டை மட்டும் கொஞ்சம் சத்தமா வைங்கப்பா."

அவர் வால்யூமில் கை வைத்து, ஒரே ஒரு புள்ளி மட்டும் கூட்டினார்.