கல்லாற்றங்கரையில் ஒரு பகல்

அன்னூருக்குப் புகைவண்டி கிடையாது. கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் பெருஞ்சாலையும், அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஊர் அது. பேருந்துகளின் ஊதல் ஒலிக்கு அங்கே பஞ்சமில்லை; இருப்புப்பாதையைக் காண வேண்டுமாயின் மேட்டுப்பாளையத்துக்கோ திருப்பூருக்கோ போயாக வேண்டும். அதனால்தானோ என்னவோ, அவ்வூரில் வாழும் நம் நண்பருக்குப் புகைவண்டி என்றால் உயிர். நூற்பாலையொன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஏறிப் பயணம் செய்வதில் அவருக்கு அத்துணை நாட்டமில்லை. பாதையோரம் நின்று, வண்டி வரும் வரை காத்திருந்து, அது கடந்து செல்லும் அழகைக் கண்ணாலும் படக்கருவியாலும் பருகுவதே அவருடைய இன்பம். இங்கிலாந்து போன்ற நாடுகளில் இதற்கென்றே மேடையின் கோடியில் குறிப்பேட்டுடன் நின்று எஞ்சின் எண்களை எழுதிக்கொள்வோர் உண்டு. நம்மூரிலோ, அப்படி நிற்பவரை, “வண்டியைத் தவறவிட்டுவிட்டீர்களா?” என்று பரிவோடு விசாரிப்பார்கள்!

சென்ற கோடையில் அவரோடு ஒரு நாள் முழுவதையும் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பொழுது புலருமுன்பே புறப்பட்டோம். பொகலூர் வழியே செல்லச் செல்ல, எதிரே நீலமலை ஒரு கரிய சுவர்போல் எழுந்து வந்தது. நண்பரின் தோளில் பழைய பிலிம் படக்கருவி. கைப்பேசியில் ஆயிரம் படம் எடுக்கலாமே என்றோம். “ஆயிரம் எடுத்தால் ஒன்றையும் பார்க்க மாட்டோமுங்க. இதிலே முப்பத்தாறுதான். ஒவ்வொன்றுக்கும் யோசிக்க வேணும்” என்றார்.

மேட்டுப்பாளைய நிலையத்தை நாங்கள் அடைந்தபோது, சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த நீலகிரி விரைவு வண்டி வந்து நின்றிருந்தது. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இருப்புப்பாதை வந்தது 1873-இல். அதன்பின் கால் நூற்றாண்டு காலம், மலையேறுவோர் இங்கே இறங்கி மாட்டுவண்டியையும் குதிரையையும் நம்பியே செல்ல வேண்டியிருந்தது. மலைக்குப் பாதை போடும் எண்ணம் 1854-லேயே தோன்றியதுதான். ஆனால் பணி தொடங்கியது 1891-இல். குன்னூர் வரை வண்டி ஓடியது 1899-இல். உதகையை அது எட்டியபோது ஆண்டு 1908. இன்று அகலப்பாதையின் மின்சார வண்டியும் மீட்டர் பாதையின் மலை வண்டியும் ஒரே நிலையத்தில் அருகருகே நிற்கக் காண்பது, பேரனும் பாட்டனும் ஒரே திண்ணையில் அமர்ந்திருப்பதுபோல் இருக்கிறது.

மலை வண்டி ஏழு மணிக்குச் சற்றுப் பின்னர்தான் புறப்படும். அதற்கு முன்பே கல்லாறு சென்று இடம் பிடிக்க வேண்டும் என்று நண்பர் அவசரப்படுத்தினார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர். பவானியாற்றைக் கடந்தால் இருமருங்கும் பாக்குத் தோப்புகள். காற்றில் ஈரமும் குளிர்ச்சியும். யானைகள் குறுக்கிடும் இடமாதலால், நன்கு விடியும் வரை வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம் என்று ஒரு தேநீர்க்கடைக்காரர் எச்சரித்தார். மங்குஸ்தானும் துரியானும் வளரும் அரசுப் பண்ணையும் அப்பக்கத்தில்தான் உள்ளது. யானைக்கு அது பண்ணை என்று தெரியுமா, தன் பாட்டன் நடந்த வழி என்றுதான் தெரியும்.

கல்லாற்றின் சிறப்பைச் சற்று விரித்துரைக்க வேண்டும். அது வரை சமதளத்தில் ஓடும் வண்டி, அவ்விடத்திற்கு மேல் பன்னிரண்டரை அடி முன்னேறினால் ஓர் அடி உயரும்படியான ஏற்றத்தைச் சந்திக்கிறது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கிவிடும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. ஒரு சட்டத்தின் பல் முடியும் இடத்தில் மற்றதன் பல் நிற்குமாறு அமைத்திருப்பதால், எஞ்சினின் பற்சக்கரம் ஒரு கணமும் பிடி இழப்பதில்லை. எஞ்சினுக்கு இரண்டு இணை உருளைகள். சமதளத்தில் ஓரிணை மட்டும் சக்கரங்களை உருட்டும். பற்பாதையில் புகுந்ததும், அவற்றில் வேலை செய்து வெளியேறும் நீராவியே அடுத்த இணைக்குச் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவியிடம் இருமுறை வேலை வாங்கும் சிக்கனம்! கொங்கு நாட்டுக் குடும்பத் தலைவிகள் இதைக் கேட்டால் மெச்சுவார்கள். இவ்வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1914-க்கும் 1952-க்கும் இடையே செய்யப்பட்டவை. பின்னர் 2011 முதல், எண்ணெயில் எரியும் புதிய எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே நம்மவர்கள் செய்து அனுப்பினார்கள். அந்தச் செய்தியைச் சொல்லும்போது நண்பரின் முகத்தில் தெரிந்த பெருமிதம், தம் மகன் தேர்வில் முதன்மை பெற்றதைச் சொல்லும் தந்தையின் பெருமிதம்.

இன்னொன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். மலையேறும்போது எஞ்சின் முன்னே நின்று இழுப்பதில்லை. பின்னே நின்று தள்ளுகிறது. பெட்டிகள் கழன்று கீழ்நோக்கி ஓடிவிடாமல் தாங்கிக்கொள்ளும் பொருட்டு இந்த ஏற்பாடு. ஆதலால் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. முதற்பெட்டியின் முகப்பில் நிற்கும் ஊழியர் கொடி காட்ட, ஒவ்வொரு பெட்டியிலும் நிற்கும் தடைக்காப்பாளர்கள் அதைப் பின்னுக்குக் கடத்த, ஓட்டுநர் அதன்படி நடக்கிறார்.

இதன் பொருள் என்ன என்பதை அன்று காலையிலேயே கண்டோம். நிலையத்துக்குச் சற்றுக் கீழே, பாதைக்கு வெளியே ஒரு மேட்டில் நாங்கள் நின்றிருந்தோம். நான்கு இளைஞர்கள் வந்தனர். கைப்பேசியை நீட்டிப் பிடித்து, தண்டவாளத்தின் நடுவிலேயே நின்று படம் எடுக்கத் தொடங்கினர். தொலைவில் எஞ்சினின் மூச்சு கேட்டது. மரங்களுக்கு மேல் புகை தெரிந்தது. புகை இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று அவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். புகை வருவது வண்டியின் வாலிலிருந்து. தலையோ வளைவுக்கு அப்பால் வந்தேவிட்டது! நண்பர் தம் கருவியைக் கண்ணில் வைத்துக் காத்திருந்தவர், அதைக் கீழே தொங்கவிட்டுவிட்டு, “தம்பிகளா, முன்னாலே பெட்டிதான் வரும்! இறங்குங்க, இறங்குங்க!” என்று மேட்டிலிருந்து கூவியபடி இரு கைகளையும் வீசினார். நீலப் பெட்டியின் முகப்பில் சிவப்புக் கொடி விரிந்தது. இளைஞர்கள் பாக்குத் தோப்புப் பக்கம் பாய்ந்தனர். ஒருவனுடைய செருப்பு தண்டவாளத்திலேயே கிடந்தது. வண்டி மெல்லத் தயங்கி, பின் தன்போக்கில் எங்களைக் கடந்து கல்லாற்றுக்குள் புகுந்தது.

அவர் எடுக்க நினைத்த படம் போயிற்று. வளைவில் முகப்பும் புகையும் ஒருசேரத் தெரியும் அந்தக் கணம் நாளொன்றுக்கு ஒரு முறைதான் வரும். அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. செருப்பை இழந்த பையன் அருகே வந்து தலைகுனிந்து நின்றபோது, “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார். இருப்புப்பாதையில் அத்துமீறி நுழைவது 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். பிள்ளைகளை மலை வண்டி காட்ட அழைத்துச் செல்லும் பெற்றோர், சட்டத்தோடு இந்தப் ‘புகை பின்னால், பெட்டி முன்னால்’ என்னும் உண்மையையும் சொல்லிக் கொடுப்பது நலம்.

நல்லவேளையாக வண்டி கல்லாற்றில் நின்றுதான் போகிறது. பற்பாதை நுழைவில் எஞ்சின் ஊர்ந்து சென்று பல்லோடு பல் பொருந்தும் ஒலி, கனத்த கதவின் தாழ் விழுவது போன்றது. அதன்பின் மூச்சின் தாளமே மாறிவிடுகிறது. பற்பாதையில் வண்டியின் வேகம் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் அளவுதான். நல்ல மிதிவண்டிக்காரர் சமதளத்தில் முந்திவிடுவார். அந்த மெதுவான போக்கு ஒரு வகையில் காட்டுக்கும் நல்லதே. இதே கோவை மாவட்டத்தில், நவக்கரை அருகே அகலப்பாதையில் 2021 நவம்பரில் மூன்று யானைகள் விரைவு வண்டியில் அடிபட்டு மாண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நடுப்பகலை மேட்டுப்பாளையத்தில் கழித்தோம். வெயில் கடுமை. கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டுவிட்டு, நண்பர் சொன்ன கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ‘மூன்றாம் பிறை’ படத்தின் முடிவுக்காட்சியை 1982-இல் கண்டு அழுதவர்கள் பலர். அது கேத்தி நிலையம் என்பதை அவர் எஞ்சினைக் கொண்டே அடையாளம் கண்டாராம்! 1984-இல் வந்த ‘எ பேசேஜ் டு இந்தியா’ என்னும் ஆங்கிலப் படத்திலும் இந்த வண்டி நடித்திருக்கிறது. 2005-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆயினும் பட்டயம் மண்சரிவைத் தடுக்காது. 2009 நவம்பர் மழையில் மலை சரிந்து, பாதை பல இடங்களில் அழிந்து, மாதக்கணக்கில் வண்டி ஓடவில்லை. நாற்பத்தாறு கிலோமீட்டருக்குள் இருநூற்றெட்டு வளைவுகள், இருநூற்றைம்பது பாலங்கள், பதினாறு குகைகள். இவற்றை நாள்தோறும் நடந்தே பார்த்துக் காப்பவர்களின் பெயர்களை எந்தச் சுற்றுலாக் கையேடும் அச்சிடுவதில்லை.

மாலையில் மீண்டும் கல்லாறு. இறங்கும் வண்டியில் எஞ்சின் முன்னே வருகிறது. ஏறும்போது எழுந்த ஆரவாரம் இல்லை. இரும்பு இரும்பைப் பற்றும் முனகலும், சூடேறிய தடைக்கட்டைகளின் வாடையுமே முன்னால் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒரு தடைக்காப்பாளர், கைப்பிடியைச் சுழற்றித் தளர்த்துவதும் இறுக்குவதுமாக நின்றார். உள்ளே சன்னலோரம் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். நண்பர் இம்முறை எஞ்சினை எடுக்கவில்லை. இரண்டாம் பெட்டியின் தடைக்காப்பாளர் தலையை நிமிர்த்தாமல் கைப்பிடியைப் பற்றியிருந்த கோலத்தை எடுத்தார். சுருளில் இன்னும் இரண்டு படத்துக்கு இடமிருந்தது. மழைக்காலம் முடிந்து, பாதையும் சரியாமல் இருந்தால், அவ்விரண்டும் கேத்திக்கு என்று அவர் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வண்டி பவானிப் பாலத்தை நோக்கிச் சென்றுவிட்டது. அன்னூருக்குத் திரும்ப நாங்கள் சாலைக்கு வந்தோம்.