வீட்டுக்குள் ஒரு கடல்

புனே நகரத்தில் கடல் இல்லை. தூத்துக்குடியில் பிறந்த எனக்கு அது ஒரு குறை. இங்கேயே பிறந்து வளரும் என் மகளுக்கோ, கடல் என்பது கோடை விடுமுறையில் மட்டும் காணக்கிடைக்கும் அதிசயம். எனவே, ஒன்பதாம் பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, “கடல் மீன் தொட்டி வேண்டும், அப்பா” என்றாள். மறுக்க மனம் வரவில்லை.

நூறு லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி வந்தது. குழாய் நீரில் குளோரின் உண்டு என்பதால், சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவையைக் கரைத்தோம். செயற்கைப் பாறைகளை அடுக்கினோம். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. மூன்றாம் நாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டோம். ஒரு வாரம் முடியுமுன் இரண்டும் இறந்து மிதந்தன.

“தண்ணீர் சுத்தமாகத்தானே இருந்தது?” என்று கேட்டு அழுதாள் குழந்தை. கடைக்காரர் நோயுற்ற மீன்களைக் கொடுத்துவிட்டார் என்று கூறித் தப்பித்துக்கொண்டேன்.

பிறகு சோதனைத் திரவம் வாங்கிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் பச்சையாயிற்று, அம்மோனியா மிகுந்திருந்தது. மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அம்மோனியாவாகின்றன. காரத்தன்மையுள்ள கடல்நீரில் அதன் நஞ்சு மேலும் கடுமையாகிறது. ஒருவகை பாக்டீரியா அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை பாறைகளிலே குடியேறிப் பெருகப் பல வாரங்கள் ஆகும். நானோ மூன்று நாள் கூடப் பொறுக்கவில்லை! தவறு கடைக்காரருடையதன்று, என்னுடையதே என்று மகளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் ஒரு நாள் முழுதும் என்னுடன் பேசவில்லை.

மறுபடியும் தொடங்கினோம். மீனில்லாத் தொட்டியில் சிறிதளவு மீன் உணவை மட்டும் இட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லையென்று காணும்வரை ஆறு வாரம் காத்திருந்தோம். பின்னர், பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன்கள் இரண்டு வந்தன.

பங்குனி வெயில் வந்தது. தக்காணத்து வறண்ட காற்றில் நாள்தோறும் ஒரு லிட்டர் நீர் வற்றிற்று. நான் கவனமாக உப்புநீரையே ஊற்றி நிரப்பினேன். மீன்கள் உணவை மறுத்து ஒரு மூலையில் ஒதுங்கின. ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் இதைக் கவனித்து, “ஏல, உப்பளத்துல வெயிலு தண்ணியத்தானே குடிக்கும், உப்பையா குடிக்கும்?” என்றார்கள்.

வெட்கித்துப்போனேன். இருபது நாளில் 700 கிராம் உப்பை அதிகமாகச் சேர்த்திருக்கிறேன்! 1.025 காட்ட வேண்டிய மிதவைமானி 1.030-ஐத் தாண்டி நின்றது. திடீர் மாற்றமும் மீன்களுக்கு ஆகாது. ஆதலால் சில நாட்களாகச் சிறிது சிறிதாக உப்புநீரை எடுத்து, நன்னீரை ஊற்றினோம். மீன்கள் பிழைத்தன.

“பவளமும் வைக்கலாமா, ஆச்சி?” என்றாள் மகள். மன்னார் வளைகுடாவிலே சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்த காலத்தை என் தாயார் நினைவுகூர்ந்தார்கள். 1986-இல் அங்கே 21 தீவுகளைச் சூழ்ந்து கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இன்று பவளங்களைக் காக்கிறது. எனவே, எங்கள் தொட்டியில் செயற்கைப் பாறையே போதும் என்று முடிவாயிற்று.

தொட்டி வைக்க விரும்பும் அன்பர்கள், நீரின் தெளிவைக் கண்டு ஏமாறாது அளந்து பார்ப்பார்களாக. வற்றிய அளவுக்கு நன்னீரையே ஊற்றுக. இப்பொழுது ஞாயிறுதோறும் மகளே அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறாள். அதன் முதற்பக்கத்தில், இறந்த இரு மீன்களையும் வரைந்து வைத்திருக்கிறாள்.