தறியும் பந்தும்

ஆரணிப் பட்டை நீங்கள் அறிவீர்கள். ஆனால் ஆரணிக்கு இரயிலில் செல்ல விரும்பினால் எங்கே இறங்க வேண்டும் தெரியுமா? களம்பூரில்! ஆரணி நகருக்குள் இரயில் வருவதில்லை. காட்பாடி - விழுப்புரம் பாதையில், களம்பூரில் உள்ள நிலையத்துக்குத்தான் 'ஆரணி ரோடு' என்று பெயர். இறங்கியதும் நெல் அவியும் மணம் உங்களை வரவேற்கும். அரிசி ஆலைகளால் பெயர் பெற்ற ஊர் இது. களம்பூர் அரிசி என்றால் இல்லத்தரசிகளிடம் தனி மதிப்பு உண்டு.

ஆரணி வட்டாரத்தில் தறி என்பது ஒருவரின் தொழிலன்று. வீடே சேர்ந்து செய்வது. பள்ளி விட்டு வந்த பிள்ளை தார் சுற்றித் தந்தால்தான் நாடா ஓடும். அத்தகைய வீட்டில் ஒரு மகள், "நான் கூடைப்பந்து ஆடப் போகிறேன்" என்றால், "அது சோறு போடுமா?" என்று தகப்பனார் கேட்பார். அந்தக் கேள்வியை எள்ளி நகையாடுதல் தகாது. உழைத்து உண்பவர் கேட்கும் கேள்வி அது.

அதற்கான விடை, இந்தச் சிறு நிலையத்தை நடத்தும் தெற்கு இரயில்வேயிலேயே இருக்கிறது. கோட்டயம் மாவட்டத்தில் 1985இல் பிறந்தவர் கீது அன்னா ஜோஸ். ஆறடிக்கு மேல் உயரம். சங்கனாசேரி அசம்ப்ஷன் கல்லூரியில் பயின்றவர். விளையாட்டுத் திறமைக்காகத் தெற்கு இரயில்வே அவருக்கு வேலை தந்தது, சென்னை வந்தார். மாதச் சம்பளம் கிடைத்தது; பயிற்சியும் நிற்கவில்லை. 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் புறநகரான ரிங்வுட்டின் அணிக்காக ஆடினார். 2011இல் அமெரிக்காவின் மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்தில் அப்போது ஆடிய சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று அணிகள் தேர்வுக்கு அழைத்தன. இடம் கிட்டவில்லை. திரும்பி வந்தவருக்கு வேலை காத்திருந்தது! 2014இல் அர்ஜுனா விருதும் பெற்றார். கடல் கடந்த பயணத்தை விட, திரும்பிவர ஓர் இடம் இருந்ததே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் இல்லத்துப் பெண்மக்களுக்கோ இன்னொரு தடையும் இருந்தது. அமெரிக்காவின் பில்கீஸ் அப்துல் காதிர், உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் 3,070 புள்ளிகள் குவித்தவர். கல்லூரி அணியிலும் தலைமறைப்புடனேயே ஆடியவர். 2014இல் ஐரோப்பியத் தொழில்முறை அணிகளில் சேர எண்ணினார். ஆனால் அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதி தலைமறைப்பை அனுமதிக்கவில்லை. ஹிஜாபா, பந்தா என்ற நிலை வந்தபோது ஹிஜாபை அவர் விடவில்லை. அதே ஆண்டு இன்சியான் ஆசிய விளையாட்டில் கத்தார் மகளிர் அணியும் இதே காரணத்தால் களமிறங்காமல் திரும்பியது. பலரும் முறையிட்டனர், பில்கீஸும் விடாமல் குரல் கொடுத்தார். 2017 அக்டோபர் முதல் அவ்விதி மாற்றப்பட்டது. அவருக்கு மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. அடுத்து வரும் சிறுமிகளுக்குக் கதவு திறந்துவிட்டது.

ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர். ஏறக்குறைய ஐந்து பட்டுச் சேலைகளை நீளவாக்கில் விரித்த அளவுதான். உங்கள் மகளோ மகனோ பள்ளியில் நன்றாக ஆடுகிறார் என்றால், மாவட்ட, மாநில, பல்கலைக்கழகப் போட்டிகளின் சான்றிதழ்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இரயில்வே ஆள் எடுக்கும்போது, போட்டிச் சான்றிதழ்களைத்தான் முதலில் கேட்பார்கள்.