களிமண் குதிரைவீரன் கற்பித்த பாடம்

பள்ளிக் கண்காட்சிக்குக் கைவினைப் பொருள் ஒன்று செய்தல் வேண்டும் என்று முடிவாயிற்று. ஆசிரியரும் மாணவருமாகிய நாங்கள் பதின்மர் கூடி ஆலோசித்தோம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மதுரை வீரன் கோவில் குதிரையைக் கண்டு வளர்ந்த எங்களுக்குக் குதிரைவீரன் சிலையின்மேல் ஆசை பிறந்ததில் வியப்பில்லை. ஆயினும் நூலகத்துப் படநூலில் கண்ட நெப்போலியன் காலக் குதிரைப்படை வீரனே எங்கள் மனத்தைக் கவர்ந்தான். சிறிய உருவாயினும் வரலாற்றுக்கு முரணின்றிச் செய்வோம் என்று உறுதி பூண்டோம்.

உருவத்தின் அளவைப் பத்தில் ஒரு பங்கு என வகுத்துக்கொண்டோம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் எங்கள் மேசைமேல் 17 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பான். எங்களுள் ஒருவன் வாளை வீரனின் உயரத்திற்கே நீட்டிவிட்டான். "வாள் நீண்டால்தானே வீரம்!" என்பது அவன் வாதம். நூலைப் புரட்டினோம். ஆங்கிலேய இலகு குதிரைப்படையினர் ஏந்திய, 1796-ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்த வளைந்த வாளின் அலகு ஏறத்தாழ 84 சென்டிமீட்டரே எனக் கண்டோம். ஆகவே 8.4 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதை வெட்டி எறிந்தோம். வீரம் சற்றும் குறையவில்லை.

அடுத்து வந்தது குதிரையின் கால். கம்பியின்மேல் களிமண்ணை அப்பி நிழலில் உலர்த்தினோம். மறுநாள் காலையில் நான்கு கால்களும் வெடித்திருந்தன. களிமண் உலரும்போது சுருங்கும். உள்ளிருக்கும் கம்பியோ சுருங்காது. அதனால் மண் பிளக்கிறது என்பதைப் பட்டறிந்தோம். தமிழ்நாட்டுக் குயவர்கள் ஐயனார் குதிரையின் கால்களை ஏன் உள்ளீடற்ற குழல்களாக வனைகின்றனர் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. எங்கள் சிறு குதிரைக்கு அம்முறை கைகூடாமையால், உலர்ந்து சுருங்காத செயற்கைக் களிமண்ணை நாடினோம்.

உருவம் எழுந்தது. ஆனால், இவ்வீரன் யார்? எந்த நாட்டில், எந்தப் படையில் பணியாற்றியவன்? "நம் முன்னோர் வாழ்ந்த தமிழ் மண்ணில் அக்காலத்தில் குதிரைப்படை இருந்ததா?" என்று மாணவி ஒருத்தி வினவினாள். அவ்வினா எங்களை வேலூருக்கு அழைத்துச் சென்றது.

நெப்போலியன் ஐரோப்பாவை நடுங்க வைத்த அதே ஆண்டுகளில், ஆர்க்காட்டில் ஆங்கிலேயரின் 19-ஆம் இலகு குதிரைப்படை தங்கியிருந்தது. அது 1803-இல் அசாயே போரில் வெல்லெஸ்லியின் கீழ்ப் போரிட்ட படை. அந்த வெல்லெஸ்லியே பின்னர் வெலிங்டன் கோமகனாகி, 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றார். எங்கள் வீரனுக்கு முகவரி கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அக்காலத்தில் சென்னைப் படையில் ஒரு புதிய ஆணை பிறந்தது. சிப்பாய்கள் சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி இடலாகாது. காதில் கடுக்கன் அணியலாகாது. தாடியை மழித்தல் வேண்டும். தோலால் ஆன அணி பொருத்திய புதுவகைத் தலைப்பாகையைச் சூடுதல் வேண்டும். தம் சமயத்தையே பறிக்கும் சூழ்ச்சி இது என்று சிப்பாய்கள் அஞ்சினர். மறுத்தவருள் இருவருக்குத் தலைக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆங்கிலேயர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். செய்தியறிந்த தளபதி கில்லெஸ்பி, ஆர்க்காட்டிலிருந்து 19-ஆம் குதிரைப்படையுடன் விரைந்தார். தூரம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்குச் செல்லும் தொலைவு. அன்று கோட்டைக்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். பின்னர் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநரும் படைத்தலைவரும் 1807-இல் திரும்ப அழைக்கப்பட்டனர்.

இதனை வாசித்து முடித்ததும் வகுப்பில் அமைதி நிலவியது. வாளை நீட்டிச் செய்த அதே மாணவன் மெல்லக் கேட்டான்: "ஐயா, நம் வீரன் நம்மவரையா வெட்டப் போகிறான்?"

வீரனை உடைத்துவிடலாம் என்றனர் சிலர். முகத்தை மாற்றி நம்மவனாக்கிவிடலாம் என்றனர் வேறு சிலர். இரண்டும் பொய்யாகும் என்று நாங்கள் உணர்ந்தோம். அளவில் உண்மை காத்தவர்கள், கதையில் பொய் சொல்லலாமா? இறுதியில் ஒரு முடிவுக்கு வந்தோம். குதிரைவீரன் இருக்கட்டும்; அவன் எதிரே மற்றொருவனும் நிற்கட்டும்.

அவ்வாறு பிறந்தவனே எங்கள் சிப்பாய். சீருடையைக் களைந்து, பணி ஓய்ந்த வேளையில் தன் சொந்த உடையில் அவன் நிற்கிறான். நெற்றியில் குறி, காதில் கடுக்கன், காலடியில் அந்தப் புதுத் தலைப்பாகை. தலையில் சுற்றிய துணியின் மடிப்புகள் எங்கள் கைகளுக்கு வசப்படவில்லை. அப்போது ஒரு மாணவியின் தாத்தா உதவினார். நெடுங்காலம் பால் மரம் சீவியவர் அவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து, கண்ணாடியும் பாராமல் ஒரு நொடியில் தலையில் சுற்றிக் காட்டினார். "இதற்கு எதற்குத் தம்பி புத்தகம்?" என்று சிரித்தார். நாங்கள் மடிப்புகளை எண்ணி எண்ணிப் பதித்தோம்.

இன்னொன்றும் அறிந்தோம். 1811-இல், நெப்போலியனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஜாவாவைக் கைப்பற்ற ஆங்கிலேயர் படைகளை மலாக்காவில் திரட்டினர். அப்படையெடுப்பில் அதே கில்லெஸ்பியும் இருந்தார். நம் கிள்ளான் கரைக்கு அப்பால் விரியும் நீரிணையே அப்போர்க் கப்பல்களின் வழி. தொலைவில் நடந்த கதை என்று எண்ணியது எங்கள் வாசல் வரை வந்திருந்தது.

கண்காட்சியன்று பெற்றோர் பலர் முதலில் குதிரையையே வியந்தனர். பின்னர் எதிரே நின்ற சிறு மனிதனைக் கண்டு, "இவர் யார்?" என்று கேட்டனர். அக்கேள்விக்கு விடை சொல்லவே நாங்கள் காத்திருந்தோம். பெரியோர்க்குச் சிறியதாகத் தோன்றும் ஒரு தலைத்துணி, அதைச் சூடுகின்றவனுக்கு அவன் மானமாக இருக்கலாம். 17 சென்டிமீட்டர் உயர மனிதன் எங்களுக்குக் கற்பித்த பாடம் அதுவே.