பாட்டின் பெயரே ஒரு போன் நம்பர்

அமெரிக்க ராப் பாடகர் லாஜிக் 2017-ல் வெளியிட்ட பாட்டின் தலைப்பு: 1-800-273-8255. அப்போது அமெரிக்காவில் இருந்த தற்கொலைத் தடுப்பு உதவி எண் அது.

மேரிலாந்தில், அப்பா அம்மா இருவரும் போதைக்கு அடிமையான வீட்டில் வளர்ந்தவர் லாஜிக். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. பேரும் பணமும் வந்தபிறகும் மனப்பதற்றம் படுத்தியதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது பாட்டின் அமைப்பு. முதலில், சாக நினைப்பவர் பேசுகிறார். அடுத்து, போனை எடுத்தவர் பேசுகிறார். முடியும்போது, அழைத்தவருக்கே வாழவேண்டும் என்று தோன்றிவிடுகிறது. நடுவில் அட்வைஸ் மழை கிடையாது.

"பாட்டு கேட்டா சரியாயிடுமா?" என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்தப் பாட்டு அதிகம் பேசப்பட்ட 34 நாட்களில், அந்த எண்ணுக்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ 9,900 அழைப்புகள் கூடுதல். தற்கொலைகள், எதிர்பார்த்ததைவிட 245 குறைவு. பாட்டு மட்டுமே காரணம் என்று அறுதியிட முடியாதுதான். ஆனாலும் 245 உயிர்!

பாட்டு யாரையும் குணப்படுத்தாது. யாரிடம் பேசலாம் என்று சொல்லும். அது போதும்.

இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண்: 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். போனில் சேமித்து வையுங்கள்.